ஒரு முழம் தள்ளி

ஊசித்தட்டான் விடிகாலையில் பறக்காது.
இறக்கையெல்லாம் பனி கோத்திருக்கும்.
வெயில் வந்து அவிழ்க்கும்வரை
கோரைத்தண்டைக் கட்டிக்கொண்டு கிடக்கும்.
எனக்கு அந்த நாற்பது நிமிஷம்தான்.
லிந்துலை பேக்டரியில் ராத்திரி முழுக்கக் கொழுந்து வாட்டிவிட்டு
காதில் விசிறி இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருக்க
ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே, ஓடைக்கரையில்
முட்டி போடுகிறேன்.

பூச்சியால் தொந்தரவில்லை.
அது தன்பாட்டுக்கு இருக்கிறது.
பின்னால் இருப்பவைதான் சண்டைக்கு வருகின்றன:
காய்ந்த குச்சி ஒன்று,
தலையிலிருந்தே முளைத்த மாதிரி ஒரு புல்,
மூலையில் பளீரென்று லயத்துத் தகரம்.
கண் முதலில் அங்கேதான் போகும்.
குச்சியை ஒடிக்க மனம் வராது,
துணிக்கிளிப் போட்டு வளைத்து வைப்பேன்.
தகரத்தை என்ன செய்ய?
நான்தான் நகரவேண்டும்,
ரெண்டு அங்குலம், சேற்றில், வயிற்றால்.

முதல் வருஷம் எல்லாம் கறுப்பு.
பிளாஷ் பூச்சியோடு நின்றுவிடும்,
மலை, ஓடை, வானம் அணைந்துபோகும்.
சுலபம். சுத்தம்.
பெருமையாகக் காட்டினேன்.
திலகேஸ்வரி போனை வாங்கிப் பார்த்துவிட்டு
“நல்ல பகல்ல எடுத்தத ஏன் ராவாக்கி வச்சிருக்கீங்க?” என்றாள்.
அதற்குப் பிறகு எனக்குக் கறுப்பு கைவரவில்லை.

அட்டை வைத்துப் பார்த்தேன். இளம்பச்சை, களிமண் நிறம்,
மகளின் கொப்பி உறை.
பொய்யென்று பூச்சிக்கே தெரிந்திருந்தது போல வந்தன படங்கள்.
தவழ்ந்து தவழ்ந்துதான் பிடிபட்டது:
ஒரு சாண் தள்ளி இருந்தால் அது இலை,
நரம்பு தெரியும், புழு தின்ற ஓட்டை தெரியும்.
ஒரு முழம் தள்ளி இருந்தால் வெறும் நிறம்.
நாலு முழத்தில்
செடியோ ஆளோ, எல்லாம் ஒரே மெத்தை.

அன்றைக்குப் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறுகிறவள்
என் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தாள்.
“பின்னாலயும் பச்சையா?
விடிஞ்சா அடைஞ்சா பச்சையப் பாத்து எங்களுக்குச் சலிச்சிருச்சு.
இந்தப் பூச்சிக்கும் அதே தலையெழுத்தா?”
சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிப்போய் நின்றாள்,
இடுப்பில் நீலப் படங்கு,
முதுகில் வெறுங்கூடை.

சட்டத்துக்குள் நீலம் பரவியது.
“கொஞ்சம் இடது.”
“மூச்சு விடலாமா?”
“நீங்க விடலாம். நான்தான் விடக்கூடாது.”
பதினாறு படம் பாழ்.
பதினேழாவதில் கண் கூர்மையாக விழுந்தது,
உடனே வெயிலும் வந்தது, தட்டானும் போனது.

“இதுல நான் எங்க?”
“இந்த நீலம் முழுக்க நீங்கதான்.”
நம்பவில்லை.
கொழுந்துக்கறை ஏறிய ரெண்டு விரலால்
படத்தை அகட்டிக்கொண்டே போனாள்,
இறக்கை, நரம்பு, நரம்பின்மேல் ஒரு பனித்துளி.
துளிக்குள்
தலைகீழாக, கடுகளவில், தெளிவாக,
கூடைக்கயிறு நெற்றியில் பதிந்திருக்க
அவள்.
பக்கத்துத் துளியிலும்.
அதற்கடுத்ததிலும்.
இத்தனை வருஷம் துளிகளை நான்
மினுக்கம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

சாயங்காலம் தராசில் ரெண்டு கிலோ குறைந்து
அவளுக்கு அரைப் பேர் விழுந்தது
மறுநாள்தான் தெரியவந்தது.
காசை நீட்டினேன், வாங்கவில்லை.
“அந்தத் துளிய மட்டும் வெட்டி அனுப்புங்க.
தட்டான் வேணாம்.”
வெட்டினால் கலங்கிவிடும் என்றேன்.
“கலங்கட்டும். நேரா நிக்க வைங்க, போதும்.”

வெட்டினேன், திருப்பினேன்.
அவள் நிமிர்ந்தாள்.
ஓடை அவள் காலடிக்கு வந்தது.
ஓரத்தில் மட்டும்,
எவ்வளவு ஒதுக்கியும் போகாமல்
ஊசித்தட்டானின் ஒரு கால்,
மங்கலாக.